சட்டத்துக்குள்

படத்தைப் பார்ப்பது யெர்னெயாவின் வேலை.
வானத்தைப் பார்ப்பது என்னுடையது.
ஐந்து வருடமாக இதுதான் ஏற்பாடு:
அவள் கையில் திரை, என் கழுத்தில் வலி.

பறப்பது எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும் என்பது விதி.
அவள் கண் திரையில் கிடப்பதால்
என் கண்ணைக் கடன் வாங்குகிறாள்.
வட்டி, ஒரு குடுவைக் காப்பி.

கீழே, கோபாரித் பாலத்தருகே
மூன்று ஞாயிறு முயன்றோம்.
நூற்றிருபது மீட்டர். அதற்குமேல் ஓரடி கிடையாது.
அந்த உயரத்தில் சோச்சா ஆறு
முழங்கையை மட்டும் காட்டுகிறது,
தோளும் விரலும் சட்டத்துக்கு வெளியே.
"இன்னும் கொஞ்சம் ஏற்றேன், யார் பார்க்கிறார்கள்?"
என்றேன் நான்,
எடை குறைந்த பாலாடைக்கட்டியை
முத்திரை குத்தாமல் திருப்பி அனுப்பிச் சம்பளம் வாங்குகிறவன்.
அவள் இறக்கினாள். மடித்தாள். பையில் வைத்தாள்.
கார் கிளம்பி இரண்டு வளைவு தாண்டியபின் சொன்னாள்:
"சிரில், அந்த நூற்றிருபதைக் கடலிலிருந்து அளப்பதில்லை.
அடியில் இருக்கிற தரையிலிருந்து அளக்கிறார்கள்."

அதனால்தான் மத்தாயூர்.
பெயரின் வாலில் ஊர் இருக்கிறது,
உச்சியில் ஒரு சின்னத் தேவாலயமும் காற்றும் மட்டும்.
அக்டோபர் இருட்டில் ஏறினோம்.
நான்கு பேட்டரிகள் என் உள்சட்டைக்குள்
கோழிக்குஞ்சுகள்போல் கதகதத்தன.
ஒவ்வோர் அடிக்கும் தரை எங்களோடு உயர்ந்தது,
சட்டமும் கூடவே உயர்ந்தது,
அதற்கு மட்டும் மூச்சு வாங்கவில்லை.

மேற்கே எல்லைக்கல், அதற்கப்பால் இத்தாலி.
கிழக்கே, ஆற்றின் மறுகரைமேல் தேசியப் பூங்கா,
கழுகுக்கு அனுமதி, எங்களுக்கு இல்லை.
நடுவில் மிஞ்சிய ஆகாயத்தை
வரைபடத்தில் பென்சிலால் கோடிட்டு வைத்திருந்தாள்,
துணியை வெட்டுமுன் தையற்காரி
சுண்ணக்கட்டியால் இழுப்பதுபோல்.
காற்று விநாடிக்கு ஆறு மீட்டர்.
பறக்கலாம்.

ஏறியது.
தேனீ, பிறகு ஈ, பிறகு கொசு,
பிறகு நான் இமைக்க மறுத்த ஒரு புள்ளி,
சரிவை ஒட்டியே, சரிவை விடாமல்.
பள்ளத்தாக்கில் பனிமூட்டம் கிழிகிறது என்பதை
அவள் மூச்சிலிருந்து தெரிந்துகொண்டேன்.
"தோள் தெரிகிறது," என்றாள். "விரல்கூட."
நான் திரும்பவில்லை.
புள்ளியைத் தவறவிட்டால்
வானம் அதைத் திருப்பித் தராது.

அப்போது கேட்டது.
வடக்கே, முகட்டுக்குப் பின்னால்
யாரோ ஈரக் கம்பளியை உதறுகிற சத்தம்.
"ஹெலிகாப்டர்."
"தூரமா?"
"தெரியவில்லை."
சூரியன் வர இன்னும் ஒரு நிமிடம் இருக்கலாம்.
"இறக்கு" என்றது என் குரல்தான்,
பாலத்தருகே வேறொன்று சொன்ன அதே குரல்.
அவள் விரல் எனக்கு முன்பே இறங்கியிருந்தது.

எழுபது விநாடி.
அதற்குள் வெளிச்சம் வந்து,
ஆற்றின்மேல் நீட்டிப் படுத்து,
மேகம் கூப்பிட எழுந்து போய்விட்டது.
ஹெலிகாப்டர் எங்கள் தலைக்கு மேலேயே கடந்தது,
புல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தது.
திறந்த கதவோரம் ஒரு தூக்குப்படுக்கை,
கட்டிலிருந்து நழுவிய ஒற்றைப் பூட்ஸ்.
யாருடையது என்று
மறுநாள் செய்தித்தாளிலும் இல்லை.

இறங்குகிற வழியில், மலைக்குடிலின் பெஞ்சில்
முதல்முறையாகத் திரையை என் பக்கம் திருப்பினாள்.
ஆறு சாம்பல் நிறத்தில், பாதி மூடி.
கடைசிப் படத்தில் ஆறே இல்லை.
தரையிறங்குமுன் கேமரா எடுத்த பழுப்புப் புல்,
அதில் குனிந்த ஒரு தொப்பி,
பக்கத்தில் நிமிர்ந்த ஒரு முகம்.
"வாயைத் திறந்து வைத்திருக்கிறாய்," என்றாள்.
"எப்போதும் இப்படித்தானா?"
எனக்கெப்படித் தெரியும்?

அடுத்த ஞாயிறு காற்று எட்டு மீட்டராம்.
அவள் பென்சிலைச் சீவுகிறாள்.
நான் கழுத்துக்குத் தைலம் தேடுகிறேன்.